‘ஃபுளோ’ என்று தொடங்கினால் எல்லாமே ஃபுளோரைடுதானா?

பிப்ரவரி 4, காலை. தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கத்திலிருந்து வந்த கேள்வி

அம்மாவுக்கு 61 வயது. சிறுவயது முதல் எங்கள் ஊர் போர் தண்ணீரைக் குடித்தவர். முதுகு நிமிராது, முழங்கால் மடங்காது. தண்ணீரில் மிகுந்த ஃபுளோரைடு எலும்பில் படிந்து வரும் எலும்பு ஃபுளோரோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். இப்போது சர்க்கரை நோயால் பார்வையும் மங்கியிருக்கிறது. கையில் ‘ஃபுளோரசீன்’ ஊசி போட்டு விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். “ஃபுளோரைடால்தான் இப்படி ஆனேன், அதையே ஊசியாக வேறு ஏற்றுவதா?” என்று அம்மா ஒரேயடியாக மறுக்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

பாலக்கோட்டில் மருந்துக் கடை நடத்துகிறேன், மருந்தாளுநர். ஃபுளோரசீனில் ஃபுளோரைடு கிடையாது. ஃபுளோரின் அணு ஒன்றுகூடக் கிடையாது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு சாயம் அது. நரம்பில் ஏற்றுவதற்காகச் சோடியம் உப்பாக்கித் தருகிறார்கள், அவ்வளவுதான். அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரையால் விழித்திரைக் குழாய்கள் எங்கே கசிகின்றன, எங்கே அடைபட்டிருக்கின்றன என்று காட்டும் சோதனை இது. பெயருக்குப் பயந்து தள்ளிப்போட்டால் போவது பார்வை.

ஊசி போட்டபின் சில மணி நேரம் தோல் மஞ்சளாகத் தெரியும். சிறுநீர் ஒரு நாளோ அதற்குச் சற்றுக் கூடுதலான நேரமோ அடர்ந்த மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ போகும். அதைக் கண்டு அவர் கலங்காமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலருக்குக் குமட்டல் வரும். மிக அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வருவதுண்டு. ஏதாவது மருந்து அவருக்கு ஒவ்வாமல் போயிருந்தால் அதைக் கண் மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஃபுளோரைடு பற்றி அந்த ஊசியிடம் கேட்க ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 5

“பிறகு ஏன் அந்தப் பெயர்?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

எல்லாம் ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறது. ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமம், வேதியியலில் கால்சியம் ஃபுளோரைடு. உலோகத்தை உருக்கும்போது இதைச் சேர்த்தால் கசடு இளகி ஓடும். ‘ஓடுதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் அகிரிகோலா தன் சுரங்க நூல்களில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தக் கல்லிலிருந்து பெயர்கள் இரண்டு வழியாகப் பிரிந்தன.

ஒரு வழி கல்லுக்குள் இருக்கும் தனிமத்துக்குப் போனது. அதுதான் ஃபுளோரின். அதைத் தனியே பிரிக்கப் பலர் முயன்று உடல்நலம் கெட்டார்கள். 1886இல் பிரான்சின் ஆன்ரி மோயசான் பிரித்தெடுத்தார், 1906இல் நோபல் பரிசு பெற்றார். ஃபுளோரைடும் ஃபுளோரோசிஸும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்.

இன்னொரு வழி கல்லின் ஒளிக்குப் போனது. சில ஃபுளோர்ஸ்பார் கற்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இந்தப் பண்புக்கு அந்தக் கல்லின் பெயரையே சூட்டி ஃபுளோரசன்ஸ் என்றார். 1871இல் அடோல்ஃப் ஃபான் பேயர் உருவாக்கிய சாயம் இப்படி ஒளிர்ந்ததால் ஃபுளோரசீன் ஆனது. விழித்திரைப் படத்துக்கு அது வந்தது 1961இல். ஆகவே அம்மாவின் எலும்பில் படிந்ததும் அவருக்குப் போடப்போகும் ஊசியும் பெயரால் பங்காளிகள், பொருளால் அந்நியர்கள்.

பிப்ரவரி 5, மாலை

ஃபுளோரோஸ்கோப்பியும் இரண்டாவது வழியைச் சேர்ந்ததே. எக்ஸ் கதிர் பட்டால் ஒளிரும் திரையில் உடலின் உள்ளசைவைப் பார்ப்பது. விழுங்குவதில் சிக்கல் உள்ளவர்களுக்குப் பேரியம் கரைசல் கொடுத்து எடுக்கும் படம் இதுதான். அதில் உடம்புக்குள் போவது பேரியம். கவலைப்பட வேண்டியது கதிர்வீச்சின் அளவைப் பற்றி. கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 7

பென்னாகரத்திலிருந்து ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார்: “சாயத்தை விடுங்கள். ஃபுளு, ஃபுளோ என்று தொடங்கும் மாத்திரைகளில் ஃபுளோரின் இருக்கத்தான் செய்கிறது. நம் மாவட்டத்துக்காரர்கள் அவற்றைத் தொடக் கூடாது.”

முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதி ஆபத்தானது. மன அழுத்தத்துக்கான ஃபுளுவாக்ஸெட்டினில் மூன்று ஃபுளோரின் அணுக்கள் இருக்கின்றன. படர்தாமரைக்கும் வேறு பூஞ்சைத் தொற்றுகளுக்கும் தரும் ஃபுளுகோனசோலில் இரண்டு, ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கும் ஃபுளுனரிசினில் இரண்டு. ஆனால் அங்கே ஃபுளோரின் கார்பனோடு பிணைந்திருக்கிறது. கரிம வேதியியலில் மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று இது. வயிற்று அமிலம் அதை அறுக்காது. நம் போர் தண்ணீரில் இருப்பதோ தனித்துத் திரியும் ஃபுளோரைடு அயனி. அது குடலிலிருந்து நேரே ரத்தத்துக்கும் அங்கிருந்து எலும்புக்கும் போகும். சாப்பாட்டு உப்பில் குளோரின் இருக்கிறது, குளோரின் வாயுவோ மூச்சை அடைக்கும். அதற்காக யாரும் உப்பில்லாமல் களி கிண்டுவதில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். 150 மில்லிகிராம் ஃபுளுகோனசோல் மாத்திரையில் ஃபுளோரினின் எடை ஏறத்தாழ 19 மில்லிகிராம். கேட்டால் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் அந்த மருந்தில் 80 விழுக்காடு உருமாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. ஃபுளோரினும் பிணைப்போடே கிளம்பிவிடுகிறது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள தண்ணீரை வெயிலில் வேலை செய்பவர் நாளுக்கு 4 லிட்டர் குடித்தால் 12 மில்லிகிராம். அது அயனியாக, தினமும், ஆண்டுக்கணக்கில் உள்ளே போகிறது. அஞ்ச வேண்டியது இந்த 12க்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் கடைக்கு வரும் ஓர் அம்மா அட்டையில் பெயரைப் படித்துவிட்டு ஃபுளுவாக்ஸெட்டினைத் தானாகவே நிறுத்திவிட்டார். மகளுக்கும் சொல்லவில்லை. சில வாரங்களில் சாப்பாடும் தூக்கமும் போய், வீட்டின் மூலையில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி மருந்து தொடங்கி அவர் பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ‘தொடக் கூடாது’ என்று பொதுவெளியில் எழுதும் முன் அந்த மகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 7, இரவு

புற்றுநோய்க்கான ஃபுளோரோயுராசில் பற்றிக் கேட்ட சகோதரருக்கு: அதில் ஃபுளோரின் இருப்பதே மருந்தின் சூட்சுமம். யுராசில் என்பது செல்கள் மரபுப்பொருள் செய்யப் பயன்படுத்தும் ஒரு மூலப்பொருள். அதில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃபுளோரினை வைத்தார்கள். 1957இல் சார்லஸ் ஹைடல்பெர்கர் குழுவினர் செய்த வேலை. வேகமாகப் பெருகும் புற்றுசெல் இதை அசல் என்று நம்பி எடுத்துக்கொள்ளும், பிறகு டிஎன்ஏ கட்ட முடியாமல் நின்றுவிடும். வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, ரத்த அணுக்குறைவு ஆகிய பக்கவிளைவுகள் உண்மையானவை, அவற்றை மருத்துவர் கவனிப்பார். ஃபுளோரோசிஸ் இருக்கிறது என்பதற்காக உங்கள் அண்ணனின் சிகிச்சையை யாரும் நிறுத்த வேண்டியதில்லை.

பிப்ரவரி 8

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு விதிவிலக்கு. வோரிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியில் மூன்று ஃபுளோரின் அணுக்கள் உண்டு. கடுமையான பூஞ்சைத் தொற்றுக்காக இதை மாதக்கணக்கில் எடுத்துக்கொண்ட சிலருக்கு ரத்தத்தில் ஃபுளோரைடு ஏறி, எலும்பின் மேலுறை வீங்கி வலி கண்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் சரியானது. உடல் அந்த மருந்தைச் சிதைக்கும்போது ஃபுளோரின் கழன்று வருகிறது. அதன் பெயரோ ‘வோ’ என்று தொடங்குகிறது. முதல் எழுத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர் இதைக் கேள்வியே கேட்காமல் விழுங்குவார்.

சிப்ரோஃபுளாக்சசினில் ஒரு ஃபுளோரின் உண்டு. பெயரின் நடுவில் ஒளிந்திருப்பதால் யாரும் அஞ்சுவதில்லை. அதற்குத் தசைநாண் பாதிப்பு எச்சரிக்கை இருப்பது உண்மை, காரணம் ஃபுளோரைடு அன்று. குதிகால் மேலே திடீரென்று வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் அதைச் சேர்த்து விழுங்காதீர்கள், உடலில் சேராது.

பிப்ரவரி 10

தண்ணீர் சோதனை அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பிய மாரண்டஹள்ளி வாசகருக்கு.

நீங்கள் சிவப்பு வட்டம் போட்டிருக்கும் 240 என்பது குளோரைடு. அதற்கு மூன்று வரி கீழே, வட்டம் போடாமல் விட்ட 2.8 தான் ஃபுளோரைடு. எண் பெரிதாக இருந்ததால் பயந்துவிட்டீர்கள். இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1000 வரை. ஃபுளோரைடுக்கு எல்லை 1. மாற்று நீரே இல்லையென்றால் 1.5. உங்கள் 240 எல்லைக்குள் இருக்கிறது. உங்கள் 2.8 குழந்தைகள் குடிக்கவே கூடாத அளவு.

இந்த இரண்டு சொற்களும் ஓசையில் ஒட்டிக்கொண்டிருப்பதால் நம் பக்கத்தில் நடக்கும் குழப்பத்துக்கு அளவில்லை. குளோரைடு கூடினால் நாக்கு சொல்லிவிடும், தண்ணீர் கரிக்கும். ஃபுளோரைடுக்கு இந்த அளவில் சுவையே இல்லை, நிறமில்லை, மணமில்லை. ‘எங்கள் போர் தண்ணீர் இளநீர் மாதிரி’ என்று பெருமையாகச் சொல்லும் வீட்டில் பிள்ளைகளின் பல்லில் காவி ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உப்புத் தண்ணீர் என்று ஒதுக்கிய கிணற்றில் ஃபுளோரைடு குறைவாக இருந்ததும் உண்டு. நாக்கை நம்பாதீர்கள், சோதனையை நம்புங்கள்.

காய்ச்சினால் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. நீர் ஆவியாகி, மிச்சத்தில் ஃபுளோரைடின் செறிவு கூடும். காய்ச்சுவது கிருமிக்குத்தான் மருந்து.

நம் மண்ணில் மட்டும் ஏன் என்றால், அடியில் இருப்பது கருங்கல் வகைப் பாறைகள். அபடைட், பயோடைட் போன்ற ஃபுளோரைடு தாங்கிய கனிமங்கள் அவற்றில் உண்டு. ஆழத்தில் நெடுங்காலம் தங்கும் நீர், அதிலும் கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய நீர், அதைக் கரைத்துக்கொள்கிறது. மழை பொய்த்து ஆழ்துளைக் கிணறுகளை மேலும் மேலும் ஆழமாக்கியதில் சிக்கல் வளர்ந்தது. அதற்காகத்தான் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு ஜப்பான் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். 2013இல் அது தொடங்கி வைக்கப்பட்டது. நோயின் பெயரையே தன் பெயரில் தாங்கிய குடிநீர்த் திட்டம். அந்தக் குழாய் நீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள், போர் நீரைத் துவைக்கவும் குளிக்கவும் விடுங்கள். பல வீடுகளில் நேர் எதிராகச் செய்கிறார்கள். காரணம் கேட்டால், ஆற்றுத் தண்ணீரில் மருந்து வாசனை வருகிறதாம். அது கிருமி நீக்கப் போட்ட குளோரின். பாத்திரத்தில் சற்று நேரம் திறந்து வைத்தால் வாசனை குறையும்.

பிப்ரவரி 11

ஆங்கில எழுத்துகளை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தமிழில் ஆய்தத்தை விட்டு எழுதினால் கூட்டம் இன்னும் பெருகுகிறது. ‘புளூரல் நீர்க்கோப்பு’ என்று எழுதியிருந்த ஒரு சீட்டைக் காட்டி, இதுவும் தண்ணீரால் வந்த ஃபுளோரைடு நோயா என்று ஒருவர் கேட்டார். புளூரா என்பது நுரையீரலைச் சுற்றிய இரட்டை உறை. கிரேக்கத்தில் ‘விலா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த இரண்டு படலங்களுக்கு நடுவே நீர் கோத்தால் நம் நாட்டில் முதலில் சந்தேகிப்பது காசநோயை. அந்த மனிதர் தண்ணீரை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! சளிப் பரிசோதனைக்கு அன்றே அனுப்பிவைத்தேன்.

குடல் ஃபுளோரா வேறு. அது பூக்களின் ரோமானிய தெய்வத்தின் பெயர். பாக்டீரியாக்களை ஒரு காலத்தில் தாவரங்களோடு சேர்த்து எண்ணியதால் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது.

பிளேக் இன்னொரு வம்பு. பல்லில் ஒட்டும் கிருமிப் படலமும் பிளேக், ரத்தக் குழாயில் படியும் கொழுப்புத் திட்டும் பிளேக், எலியின் தெள்ளுப்பூச்சி பரப்பிய கொள்ளைநோயும் பிளேக். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, நமக்கு ஒன்றே. பல் மருத்துவர் ‘பிளேக் இருக்கிறது’ என்றதும் ஒரு பாட்டி பதறி எழுந்ததை அவருடைய பேரன் சொல்லிச் சிரித்தான். எனக்குப் பாட்டியின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ‘பற்படலம்’ என்று சொல்ல மருத்துவருக்கு என்ன சிரமம்?

பிப்ரவரி 13

ஃபுளூ காய்ச்சல் என்பது இன்ஃபுளூயன்சாவின் சுருக்கம். நட்சத்திரங்களின் தாக்கத்தால் வரும் நோய் என்று பழைய இத்தாலியர்கள் நம்பியதால் வந்த பெயர். ‘உள்ளே பாய்தல்’ என்பது அதன் லத்தீன் வேர், அதிலும் அதே ‘ஓடுதல்’ வினைதான் இருக்கிறது. ஆக வேர்ச்சொல்லில் ஃபுளூவும் ஃபுளோரைடும் ஒரு கொடியில் வந்தவை, நோயாகப் பார்த்தால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒன்று வைரஸ், மற்றது தாது. ஃபுளூவுக்குத் தரும் ஓசல்டமிவிரில் ஃபுளோரின் இல்லை.

பிப்ரவரி 14

“ஒகேனக்கல் தண்ணீர் வந்து இத்தனை ஆண்டாகியும் என் பல் காவி போகவில்லையே, திட்டம் தோல்விதானே?” என்று எழுதிய அரூர் நண்பருக்கு.

பல் எனாமல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், ஏறத்தாழ 8 வயதுக்குள், ஃபுளோரைடு மிகுந்தால்தான் பல் ஃபுளோரோசிஸ் வரும். ஒருமுறை உருவான எனாமலை எந்தத் தண்ணீரும் திருத்தாது. உங்கள் பல்லை வைத்துத் திட்டத்தை அளக்காதீர்கள், உங்கள் பிள்ளையின் முன்பற்களைப் பாருங்கள். எலும்பு ஃபுளோரோசிஸ் எந்த வயதிலும் மெல்ல வளரும்: மூட்டு இறுக்கம், பிறகு தசைநார்களில் சுண்ணம் படிதல், முதுகு வளைதல். நல்ல நீருக்கு மாறினால் மேலும் மோசமாவது நிற்கும், எலும்பில் சேர்ந்தது ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வெளியேறும். வளைந்த முதுகு நிமிராது. இந்த நோயை இந்தியாவில் முதன்முதலில் பதிவு செய்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். அன்று தொட்டு இன்றுவரை இதை மீட்டெடுக்கும் மாத்திரை வரவில்லை. அப்படி ஒன்றை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு ஓரளவு பங்குண்டு. கால்சியம் குடலில் ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு வெளியேற்றும். நம் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், புளி சேர்த்து உண்ட சிறுவர்களின் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியது. களியும் புளிக்குழம்பும் நம் அடுப்பில் ஏற்கெனவே இருப்பவைதாம். தண்ணீரை மாற்றாமல் இவற்றை மட்டும் நம்பினால் பயன் இல்லை. தேயிலை ஃபுளோரைடைச் சேர்த்துவைக்கும் செடி, கடும் தேநீரைக் குறையுங்கள்.

பிப்ரவரி 17

ஊத்தங்கரையிலிருந்து ஆட்டுக்காரர் ஒருவர்: கால்நடை மருத்துவர் ‘ஃபுளூக்’ என்றாராம், ஆட்டுக்கும் ஃபுளோரைடா என்கிறார். இல்லை ஐயா. அது ஈரல் தட்டைப்புழு. தட்டைமீனைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் புழுவின் வடிவத்தால் அதற்கும் ஒட்டிக்கொண்டது. ஏரிக்கரை ஈரத்தில் நத்தை வழியாகப் பரவும். தாடைக்குக் கீழே நீர்கட்டி வீங்கியிருந்தால், கண் உட்புறம் வெளுத்திருந்தால், நாள் கடத்தாமல் புழுநீக்கம் செய்யுங்கள். எல்லாப் புழுமருந்தும் தட்டைப்புழுவைக் கொல்லாது, அதற்குரியதைக் கேட்டு வாங்குங்கள். சேற்றங்கரையில் மேய விடாதீர்கள். கூடவே ஒன்று: ஃபுளோரைடு மிகுந்த நீரால் கால்நடைகளுக்கும் பல் தேய்வும் நொண்டலும் வருவது உண்மை. உங்கள் ஆடுகள் குடிக்கும் தொட்டி நீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

பிப்ரவரி 20

பற்பசை பற்றி எழுதச் சொல்லிப் பல தாய்மார்கள் கேட்டுவிட்டார்கள். குழாயின் பின்பக்கத்தில் சோடியம் ஃபுளோரைடு என்றோ சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்றோ இருந்தால் அது ஃபுளோரைடு பற்பசை. இங்கே பெயரும் பொருளும் ஒன்றே. நம் சட்டப்படி அளவு 1000 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது, அதாவது ஒரு கிராம் பசைக்கு ஒரு மில்லிகிராம். பட்டாணி அளவு பசையை ஒரு பிள்ளை முழுதாக விழுங்கினால் ஏறத்தாழ கால் மில்லிகிராம். நல்ல நீர் குடிக்கும் ஊரில் இது பொருட்டே இல்லை, சொத்தையிலிருந்து காக்கும். 2.8 உள்ள நீர் குடிக்கும் வீட்டில் அது ஏற்கெனவே நிறைந்த கணக்கில் சேருகிறது. அப்படிப்பட்ட வீடுகளில், துப்பத் தெரியாத 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு இல்லாத பசை போதும். பெரியவர்கள் வழக்கமான பசையையே துலக்கித் துப்பலாம். நீரின் அளவு தெரியாதவர்கள் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், பசையைப் பிறகு முடிவு செய்யலாம். பாட்டிலை அந்த நீராலேயே நன்றாகக் கழுவி, கழுத்துவரை நிரப்பி, எந்தக் கிணறு, எந்தத் தேதி என்று ஒட்டி எடுத்துச் செல்லுங்கள். அறிக்கை வந்ததும் ஃபுளோரைடு என்று எழுதிய வரியைப் பாருங்கள், குளோரைடு வரியை அல்ல.